மழைக்காட்டில் பசியாற முடிந்ததா?
மலாயாத் தீபகற்பத்தின் தொல்லெலும்புகளும் தீராத ஒரு வழக்கும்

வேளாண்மை அறியாத மனிதர்கள் மழைக்காட்டை மட்டுமே நம்பிப் பிழைத்திருக்க முடியுமா? வானத்தை மறைத்து நிற்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது கேட்கவே வேண்டாத கேள்வியாகத் தோன்றும். மானிடவியலாளர்களோ இதை வைத்து நாற்பது ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். ராபர்ட் பெய்லியும் ஐந்து சகாக்களும் 1989இல் 'அமெரிக்கன் ஆந்த்ரபாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை இதற்குக் கறாரான பதிலைத் தந்தது. பயிர்களையோ வளர்ப்பு விலங்குகளையோ சிறிதும் சாராமல் மழைக்காட்டில் வாழ்ந்த மக்களைப் பற்றி ஐயத்துக்கிடமில்லாத பதிவு எதுவும் இல்லை. தொல்லியலிலும் நம்பத்தக்க சான்று கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கலாம் என்று அவர்கள் விட்டுவைத்த இடம் மலேசியா.

அந்த விதிவிலக்கைத் தாங்கும் சான்றுகளில் கணிசமானவை பினாங்கோடு தொடர்புடையவை. ஜார்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் வடகோடியில், மூடா ஆற்றுப் பக்கம் குவார் கெப்பா என்ற இடத்தில் தொன்மையான மட்டிச்சிப்பி மேடுகள் இருந்தன. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு அகழாய்வுகளை நடத்தியது பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். இந்த எலும்புகளும் சிப்பிகளும் எதைச் சொல்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காட்டுவள்ளிக் கேள்வி

வழக்கின் தொடக்கம் இறைச்சியில் இல்லை, கிழங்கில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் ஆக்தா மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்த தாமஸ் ஹெட்லாண்ட் 1987இல் 'காட்டுவள்ளிக் கேள்வி' என்ற பெயரில் அதை முன்வைத்தார். மழைக்காட்டின் உயிர்ப்பொருளில் பெரும்பகுதி மரக்கட்டையாகவும் எட்டாத உயரத்து இலையாகவும் இருக்கிறது. மாவுச்சத்து தரும் காட்டுவள்ளிக் கிழங்குகள் வெளிச்சம் விழும் காட்டோரங்களில்தான் செழிக்கின்றன. அடர்காட்டில் அரிதாகவும் ஆழமாகவும் கிடக்கின்றன. ஆக்தா மக்கள் காட்டுப் பொருள்களைக் கொடுத்து உழவர்களிடமிருந்து தானியம் வாங்கி உண்டார்கள். ஆப்பிரிக்காவின் இத்தூரி காட்டு மக்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். அப்படியானால், காட்டுவாசிகள் என்று நாம் அழைக்கும் மக்கள் உழவு வந்த பிறகுதான் காட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேற முடிந்ததோ என்ற கேள்வி எழுந்தது.

வேட்டை இருக்கிறதே என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கு உடலியல் தடை சொல்கிறது. மழைக்காட்டு விலங்குகள் பெரும்பாலும் கொழுப்புக் குறைந்தவை. மாவுச்சத்தோ கொழுப்போ துணைக்கு இல்லாமல் வெறும் புரதத்தை மட்டும் ஓரளவுக்கு மேல் கல்லீரல் கையாளாது. வயிறு நிறையத் தின்றும் ஆள் மெலிந்து நோயுறுவான். ஜான் ஸ்பெத்தும் கேத்தரின் ஸ்பீல்மனும் 1983இல் வேட்டைச் சமூகங்கள் பற்றி இதை விரிவாக எழுதியிருந்தார்கள். போதாக்குறைக்கு, மெராந்தி போன்ற நம் காட்டு மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒருசேரக் காய்க்கும். அப்போது பன்றிகள் கொழுக்கும். மற்ற ஆண்டுகளில் என்ன செய்வது?

இந்த வாதத்தின் வலு, அது கொழுப்பையும் மாவையும் கணக்கில் எடுத்ததில் இருக்கிறது. அதன் பலவீனம், இன்று வாழும் மக்களின் வணிக உறவைப் பழங்காலத்தின் மேல் ஏற்றியதில். இன்று ஒருவர் அரிசி வாங்குகிறார் என்பதால் அரிசியின்றி வாழ முடியாதவர் என்று ஆகிவிடாது. வாங்குவது எளிது என்பது மட்டுமே அதனால் தெரியும்.

பாத்தேக் மக்கள் தந்த பதில்

1991இல் 'ஹியூமன் எகாலஜி' இதழ் இதற்கெனவே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதற்குப் பதிப்பாசிரியர்கள் ஹெட்லாண்டும் பெய்லியுமே. தங்கள் கருத்தை மறுப்பவர்களுக்கு அவர்களே மேடை போட்டுக் கொடுத்தது ஆய்வுலகில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. நடு ஆப்பிரிக்கக் காட்டுவள்ளிகள் நினைத்ததைவிட மிகுதி என்றது ஒரு கட்டுரை. சரவாக்கின் பெனான் மக்கள் காட்டுச் சவ்வரிசிப் பனையின் மாவில் வாழ்ந்ததை இன்னொன்று காட்டியது.

நமக்கு முக்கியமானது கிர்க் எண்டிகாட்டும் பீட்டர் பெல்வுட்டும் எழுதியது. எண்டிகாட் 1970களின் நடுவில் கிளந்தானின் மேல் லெபிர் பகுதியில் பாத்தேக் மக்களோடு தங்கி, அவர்கள் எத்தனை மணி நேரம் கிழங்கு தோண்டினார்கள், எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று கணக்கெடுத்தவர். பாத்தேக் மக்கள் பிரம்பு விற்று அரிசி வாங்கினார்கள். விற்பனை இல்லாத நாட்களில் காட்டுவள்ளியைத் தோண்டி வயிறு நிரப்பினார்கள். கிழங்கும் சிறு விலங்கும் சேர்ந்தால் போதிய உணவு கிடைக்கும் என்பது அவர்கள் முடிவு.

எதிர்வாதமும் உண்டு. லெபிர் கன்னிக்காடு இல்லை. ஆற்றங்கரைகளும் பழைய கொல்லைகளும் கலந்த காடு. அங்கே கிழங்கு செழிப்பதில் வியப்பில்லை என்றார்கள். ஆனால் ஆறே இல்லாத, மரம் விழுந்து திறப்பு உண்டாகாத மழைக்காடு எங்கே இருக்கிறது? காட்டின் இலக்கணத்தை இப்படி இறுக்கிக்கொண்டே போனால் யாரும் வாழாத இடம்தான் மிஞ்சும்.

இந்த வாதத்துக்கு மலேசியாவில் வேறொரு கனமும் இருக்கிறது. பூர்வகுடி மக்கள் காட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பது நிலவுரிமை வழக்குகளின் நிழலில் கேட்கப்படும் கேள்வி. கலோரிக் கணக்கை வைத்து நிலவுரிமையை நிறுவவோ மறுக்கவோ முயல்வது இரு துறைகளுக்கும் நல்லதில்லை.

எலும்பு எப்போது சாட்சி, எப்போது இல்லை

இன்றைய மக்களை வைத்து இதற்கு மேல் போக முடியாது. மண்ணுக்குள்தான் போக வேண்டும். அங்கே முதல் சிக்கல், வெப்பமண்டல மண்ணின் அமிலத்தன்மை. திறந்த வெளியில் எலும்பு கரைந்துவிடும். லெங்கோங்கின் கோத்தா தம்பானில் தொல்லியலாளர் சுரைனா மஜிட் 1987இல் அகழ்ந்த கற்கருவிப் பட்டறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடைகல், சுத்தியல் கல், செதில்கள் என்று வேலை நடந்த இடம் அப்படியே கிடைத்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பலோடு அதன் காலம் இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் அவர்கள் என்ன தின்றார்கள் என்று சொல்ல எலும்பு இல்லை. புக்கிட் புனோவில் கிடைத்த கைக்கோடரிக்கு 2009இல் அறிவிக்கப்பட்ட 18.3 லட்சம் ஆண்டு என்ற வயதை உலக ஆய்வாளர்கள் இன்னும் பொதுவாக ஏற்கவில்லை; ஏற்றாலும் உணவுக் கேள்விக்கு அது உதவாது.

எலும்பு தங்குவது சுண்ணாம்புக் குகைகளில். அங்கே இரண்டாவது சிக்கல் காத்திருக்கிறது: முள்ளம்பன்றி. நம் பகுதி முள்ளம்பன்றிகள் எலும்புகளைக் குகைக்குள் இழுத்துவந்து தாதுச்சத்துக்காகக் கொறிக்கும். கொறித்த எலும்பின் விளிம்பில் இணையிணையாக அகன்ற பள்ளங்கள் இருக்கும். பல்லாக இருந்தால் வேரைத் தின்றுவிட்டு எனாமல் மூடிய தலைப்பகுதியை மட்டும் விட்டுவிடும். சுமத்ராவின் லிடா அஜெர் குகையில் யூஜின் டூபுவா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரட்டிய பற்களில் வேரற்றவை ஏராளம். அவற்றுள் இருந்த மனிதப் பற்கள் 63,000 முதல் 73,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2017இல் கணிக்கப்பட்டது. மழைக்காட்டு விலங்குகளான ஒராங் ஊத்தானோடு சேர்ந்து கிடந்த அந்தப் பற்கள், மனிதர் அங்கே இருந்ததைக் காட்டுகின்றன. அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவற்றால் காட்ட முடியாது. அதற்குக் கற்கருவியின் வெட்டுத்தடமும், தீயின் கருக்கலும், மச்சைக்காக உடைத்த நெடுவெலும்பும் வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. வழக்கு மாவைப் பற்றியது. கையில் இருக்கும் சான்று இறைச்சியைப் பற்றியது. ஒரு குகையில் பத்தாயிரம் பன்றி எலும்பு கிடைத்தாலும் ஹெட்லாண்டின் கேள்வி அப்படியே நிற்கும்.

குகைகள் சொல்வது

பேராக் மனிதர் எனப்படும் எலும்புக்கூடு 1991இல் லெங்கோங்கின் குவா குனோங் ருந்தோ குகையில் சுரைனா மஜிட் குழுவுக்குக் கிடைத்தது. சுமார் 10,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முந்தையது. நடுவயது ஆண்; இடக்கையில் பிறவிக் குறைபாடு. கால்களை மடக்கி, கற்கருவிகளும் விலங்கெலும்புகளும் ஆயிரக்கணக்கான ஆற்று நத்தைக் கூடுகளும் சூழ அடக்கம் செய்திருந்தார்கள். அந்த நத்தை இன்றைக்கும் மலாய்ச் சமையலில் 'சிப்புட் செடுட்' என்று தேங்காய்ப்பாலும் சிறு மிளகாயும் சேர்த்து வேகும் நத்தையின் இனம். கூட்டின் கூர்நுனியைத் தட்டி உடைத்து, மறுபக்கம் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். நுனி உடைந்த கூடுகள் தொல்லிடத்தில் கிடைத்தால் அவை மனிதர் தின்றவை என்று பெரிதும் நம்பலாம். முள்ளம்பன்றி அப்படி உடைப்பதில்லை.

ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இது ஈமப்படையல். இறந்தவருக்கு வைத்ததை வைத்து இருந்தவர் அன்றாடம் தின்றதைக் கணிப்பது சரியாக இருக்காது. படையலில் சிறந்ததைத்தான் வைப்பார்கள். இரண்டாவது, சுண்ணாம்புப் பாறைப் பகுதி நீரில் பழைய கரிமம் கரைந்திருக்கும். அந்த நீரில் வளர்ந்த நத்தைக் கூட்டை ரேடியோ கரிம முறையில் கணித்தால் உள்ளதைவிட மூத்ததாகக் காட்டக்கூடும். பேராக் மனிதர் வேளாண்மைக்கு வெகு முந்தையவர் என்பதை இது அசைக்காது. நூற்றாண்டுக் கணக்கைத்தான் தளர்த்தும்.

கிளந்தானின் உட்பகுதியில் நெங்கிரி ஆற்றங்கரையில் இருக்கும் குவா சா இன்னும் வலுவான சான்று. 1954இல் கேல் சீவ்கிங்கும் 1979இல் அடி ஹாஜி தாஹாவும் அகழ்ந்த இடம். கடலிலிருந்து வெகு தொலைவு, நாலாபுறமும் காடு. தென்கிழக்காசிய வேட்டைச் சமூகங்களின் ஹோவாபின்ஹியன் பண்பாட்டு அடுக்கில் காட்டுப்பன்றியின் எலும்பு மிகுதி. மானும் குரங்கும் உண்டு. பன்றிதான் அந்தக் காட்டில் ஓரளவு கொழுப்புத் தரும் விலங்கு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஸ்பெத் எழுப்பிய தடைக்கு ஒரு பாதிப் பதில் இங்கே இருக்கிறது. இங்கே அடக்கமான ஒருவரின் மரபணுவை 2018இல் ஆராய்ந்தபோது, லாவோஸின் 8,000 ஆண்டு பழமையான ஹோவாபின்ஹியன் மனிதரோடும், தீபகற்பத்தின் இன்றைய ஜஹாய், அந்தமான் ஓங்கே மக்களோடும் நெருக்கம் தெரிந்தது. காட்டு மக்களின் மூதாதையர் உழவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி.

மாவுக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன குகை சரவாக்கின் நியா. டாம் ஹாரிசன் 1958இல் அங்கே கண்டெடுத்த மண்டையோட்டின் வயது இப்போது சுமார் 37,000 ஆண்டு என்று கணிக்கப்படுகிறது. அவர் திரட்டிய விலங்கெலும்புகளில் இன்று அழிந்துபோன பெரிய அழுங்கின் எலும்பும் இருந்தது. கிரேம் பார்க்கர் 2000இல் தொடங்கிய மறுஆய்வில் பிலிப் பைப்பரும் ரயன் ராபெட்டும் எலும்புகளைத் திரும்பப் படித்தார்கள்: தாடிப்பன்றி முதன்மை, பிறகு குரங்கு, உடும்பு, ஆமை. கூடவே மண்ணில் ஒட்டிய தாவரத் துகள்களில் காடோங் கிழங்கும் கெப்பாயாங் கொட்டையும் தெரிந்தன. இரண்டும் பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லக்கூடியவை. கெப்பாயாங் கொட்டை சாம்பலில் புதைத்து நஞ்சு போக்கப்பட்ட பிறகே நியோன்யா சமையலறைக்கு 'புவா கெலுவாக்' ஆக வருகிறது. நஞ்சு நீக்கும் அறிவு இருந்தால், காட்டில் இல்லை என்று சொல்லப்பட்ட மாவு இருக்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை விழுகிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் உச்சமாக 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை தரையாகக் கிடந்தது. பினாங்கு தீவாக இல்லாமல் சமவெளியில் ஒரு குன்றாக நின்றது. இப்படி வெளிப்பட்ட பெருநிலத்தின் நடுவே புல்வெளித் தாழ்வாரம் ஓடியது என்று மைக்கேல் பேர்டும் பிறரும் 2005இல் வாதிட்டார்கள். நியாவைச் சுற்றி அன்று இருந்தது இன்றைய மழைக்காடா, திறந்த காடும் புதரும் கலந்த நிலமா என்பது அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. ஆனாலும் ஜான் கிரிக்பாம் நியா பற்களில் செய்த கரிம ஐசோடோப்பு ஆய்வு, வேளாண்மைக்கு முந்தையவர்கள் பிந்தையவர்களைவிட அடர்காட்டு உணவைச் சார்ந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

குவார் கெப்பா: கடலோரத்தின் குறுக்கீடு

இதுவரை காடா, வயலா என்று இரண்டு தரப்பாக ஓடிய வழக்கில் மூன்றாவதாக நுழைவது கடல்.

குவார் கெப்பாவின் மேடுகளை 1860களில் எழுத்தில் அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் வின்சர் ஏர்ல். 1934இல் டச்சுத் தொல்லியலாளர் பி. வி. வான் ஸ்டைன் காலென்ஃபெல்ஸ் மூன்று மேடுகளையும் முறையாக அகழ வந்தபோது அவற்றில் பெரும்பகுதி சுண்ணாம்பாகப் போயிருந்தது. சூளைக்காரர்கள் சிப்பியை அள்ளி எரித்துக் கட்டடச் சுண்ணாம்பு செய்திருந்தார்கள். எலும்பைக் காப்பாற்றியதும் அந்தச் சுண்ணாம்புச் சத்துதான்: சிப்பி மண்ணின் அமிலத்தை முறித்ததால்தான் மனித, விலங்கெலும்புகள் தங்கின. காத்த பொருளே விலைபோனது.

மிஞ்சியதில் மட்டிச்சிப்பி, மீன், விலங்கெலும்பு, தீட்டிய கோடரி, அரைகல், காவிக்கல், மேலடுக்கில் மட்பாண்டம், காவி பூசிய மனித எலும்பு ஆகியவை கிடைத்தன. சுமார் 40 பேரின் எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போயின. டபிள்யூ. ஏ. மேஸ்பெர்க் 1940இல் அவற்றை ஆராய்ந்து, தாடையமைப்பு மெலனேசியரை ஒத்தது என்றார். மண்டையளவை வைத்து இனம் பிரிக்கும் அந்தக் காலத்து முறை இன்று செல்லாது. அவற்றைத் திரும்பப் பெறும் முயற்சியைப் பினாங்கு மேற்கொண்டது. 2017 ஏப்ரலில், அங்கே தொல்லியல் காட்சியகம் கட்டும் பணியின்போது இன்னொரு எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்ற பெயர் நிலைத்தது. காலம் சுமார் 5,000 முதல் 6,000 ஆண்டு. கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்த காலம் அது. இன்று உள்நாட்டில் இருக்கும் மேடு அன்று கரைக்கு மிக அருகில் இருந்திருக்கும்.

மட்பாண்டம் கிடைத்ததால் இவர்களைப் புதிய கற்கால உழவர்கள் என்பவர்கள் உண்டு. தீபகற்பத்தில் உழவு பரவியது சுமார் 4,000 ஆண்டுக்கு முன்பு என்று பொதுவாகக் கொள்ளப்படுவதால், கீழடுக்குகளையாவது உழவுக்கு முந்தையவை என்று கொள்வதே பொருத்தம்.

சிப்பி மேட்டைப் பார்த்ததும் இவர்கள் மட்டியில்தான் வாழ்ந்தார்கள் என்று தோன்றும். ஜெஃப் பெய்லி (1989இன் பெய்லி வேறு, இவர் வேறு) ஐரோப்பியச் சிப்பி மேடுகளுக்காகப் போட்ட கணக்கு இதை முறிக்கிறது: ஒரு செம்மான் தரும் உணவாற்றலுக்கு ஈடுகட்ட 50,000க்கும் மேற்பட்ட சிப்பிகள் வேண்டும். சிப்பி குவிகிறது, மான் மறைகிறது. எனவே மேட்டின் உயரம் பசியின் அளவுகோலாகாது. மேட்டில் கிடந்த அரைகல் காவியை மட்டும் அரைத்ததா, கிழங்கையும் அரைத்ததா என்பது மட்டியைவிட முக்கியமான கேள்வி.

குவார் கெப்பா எழுப்பும் ஐயம் இது: குகைவாசிகளும் கரைவாசிகளும் ஒரே மக்களின் இரு பருவங்களாக இருந்தால்? காய்க்காத ஆண்டில் ஆற்றோடு இறங்கிக் கரைக்கு வந்து, காய்த்த ஆண்டில் காட்டுக்குத் திரும்பியிருந்தால், காடு மட்டுமே போதுமா என்ற கேள்வியே அவர்களுக்குப் பொருந்தாது. பனியூழிக் காலக் கரைகள் இப்போது நீருக்கடியில் கிடப்பதால், காட்டுக் குகைகளை மட்டுமே பார்க்கும் நாம் பாதிக் கதையைப் படிக்கிறோம் என்ற வாதத்துக்கு இன்னும் சரியான மறுப்பு வரவில்லை.

இலங்கையின் பற்கள்

நேரடிச் சான்றில் மலேசியாவை இலங்கை முந்திவிட்டது. சிரான் தெரணியகல அகழ்ந்து வழிகாட்டிய ஈர வலயக் குகைகளிலிருந்து கிடைத்த மனிதப் பற்களை பேட்ரிக் ராபர்ட்ஸ் குழு 2015இல் ஆராய்ந்தது. அடர்காட்டு நிழலில் வளரும் தாவரங்களில் கரிமம்-13 மிகக் குறைவு. அவற்றைத் தின்ற விலங்கிலும், அந்த விலங்கைத் தின்ற மனிதரின் எனாமலிலும் அந்தத் தடம் இருக்கும். குறைந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கிருந்தவர்கள் காட்டு உணவையே பெரிதும் சார்ந்திருந்தது தெரிந்தது. 2019இல் ஓஷன் வெடகே குழு பாஹியன் குகையின் 45,000 ஆண்டு எலும்புகளை வெளியிட்டது: பெரும்பாலும் குரங்கும் மலையணிலும், அவற்றிலும் வளர்ந்த விலங்குகள். மரக்கிளையில் தாவும் குரங்கை எலும்பு முனைக் கருவியால் அடித்து வீழ்த்தியவர்கள் காட்டுக்குப் புதியவர்களாக இருந்திருக்க முடியாது. 2025இல் ஐவரி கோஸ்ட்டில் 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய மழைக்காட்டு வாழிடம் பற்றிய ஆய்வும் வந்தது. அங்கே எலும்பு இல்லை, கருவியும் மகரந்தமும்தான்.

தீராமல் நிற்பவை

'முடியவே முடியாது' என்ற 1989இன் கடுமையான வடிவத்தை இன்று காப்பது கடினம். ஆனால் அதை மலேசியச் சான்றே தனியாக வீழ்த்தியது என்று சொல்வதும் மிகை. நியாவின் தாவரத் துகளும் இலங்கையின் எனாமலும் இல்லாமல் போயிருந்தால், குவா சாவின் பன்றி எலும்புகள் மட்டும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டா. தீபகற்பத்தில் எந்த ஓர் இடமும், காட்டு இறைச்சி, காட்டு மாவு, அடர்காட்டுச் சூழல் மூன்றையும் ஒரே அடுக்கில் ஒருசேர மெய்ப்பிக்கும் நிலையில் இல்லை என்பதே நியாயமான மதிப்பீடு. ஹெட்லாண்டின் கேள்வி தோற்றதாகவும் கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால் சாம்பல் குழியில் கெப்பாயாங் துகளைத் தேடும் எண்ணம் எளிதில் வந்திருக்காது.

கரைக்கும் காட்டுக்கும் இடையிலான போக்குவரத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. கடலுணவு தின்றவரின் எலும்புப் புரதத்தில் நைட்ரஜன், கரிம விகிதங்கள் வேறுபடும். வெப்பமண்டலத்தில் அந்தப் புரதம் பெரும்பாலும் தங்காது என்பதே தடை. அதற்கு மாற்றாக எனாமலில் உள்ள துத்தநாக ஐசோடோப்பைக் கொண்டு உணவுப் படிநிலையை அறியும் முறை, 2020இல் லாவோஸின் தாம் ஹே மார்க்லோட் குகையின் விலங்குப் பற்களில் பயன்படுத்திக் காட்டப்பட்டது. பல்லில் படிந்த காரையில் மாவுத்துகள் தேடும் முறையும் முதிர்ந்துவிட்டது. லெய்டனில் இருந்த குவார் கெப்பா பற்கள், பினாங்குப் பெண், லெங்கோங் எலும்புகள் மூன்றையும் ஒரே முறையில் ஒப்பிட்டால், ஒரே மக்கள் இரு இடங்களில் பசியாறினார்களா, இரு வேறு மக்களா என்று பேசத் தொடங்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் எனாமலில் சிறிதளவு துளையிட்டு எடுக்க வேண்டும். அந்த அனுமதியை எலும்பை வைத்திருப்பவர் தருவதா, அது கிடைத்த மண்ணின் மக்கள் தருவதா என்பதையும் அதற்குள் தீர்த்தாக வேண்டும்.